பிள்ளையின் முதல் காரை இன்றைய கார்களிலிருந்து தேர்ந்தெடுப்பது எப்படி?

சைக்கிளில் பக்கச் சக்கரங்களைக் கழற்றும் வயதிலிருக்கும் பிள்ளைக்கு முதல் காரைப் பற்றி யோசிப்பது அவசரம் என்று தோன்றலாம். என் மகளுக்கு இப்போது ஏழு வயது. 18 வயதில் அவள் தனியாக ஓட்டத் தொடங்குவாள் என்று வைத்துக்கொண்டால், அதற்கு இன்னும் 11 ஆண்டுகள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சாலையில் ஓடும் கார்களின் சராசரி வயதே 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இன்று நாம் வாங்கும் கார் அவள் கைக்குப் போகும்போது நடுவயதைத்தான் எட்டியிருக்கும் என்பது புரியும்.

ஒரு காரை இப்போதே வாங்கிப் பூட்டி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்திற்கு எப்படியும் வாங்கப்போகும் காரை, ஒருநாள் பிள்ளையிடம் ஒப்படைக்கும் எண்ணத்தோடு தேர்ந்தெடுக்கலாம் என்பதே என் கருத்து. எங்கே இடித்தது, எப்போது எண்ணெய் மாற்றப்பட்டது, எந்தச் சத்தம் ஆபத்தானது என்று முழுமையாகத் தெரிந்த ஒரு காரைவிட, புதிதாக ஓட்டுபவருக்கு ஏற்ற பழைய கார் வேறொன்று கிடைப்பது அரிது.

முதல் படி: கைமாறும் ஆண்டைக் கணக்கிடுங்கள்

பிள்ளை உரிமம் பெறக்கூடிய ஆண்டு, அப்போது காருக்கு ஆகியிருக்கும் வயது, அதுவரை அது ஓடியிருக்கக்கூடிய தொலைவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்தில் 11 ஆண்டுகளில் 1,32,000 கி.மீ. சேரும். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட இன்றைய எஞ்சினுக்கு அது பெரிய தொலைவன்று. பிள்ளைக்கு நான்கு வயது நிரம்பவில்லையென்றால், அடுத்த முறை குடும்பக் காரை மாற்றும்போது இதைச் செய்தால் போதும்.

இரண்டாம் படி: பாதுகாப்பை முதலில் சலித்தெடுங்கள்

நிறம், விலை, எரிபொருள் சிக்கனம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் இதைப் பாருங்கள், ஏனெனில் மற்ற குறைகளைப் பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம், ஆனால் காரின் கட்டமைப்பையும் ஏர்பேக்குகளையும் பின்னாளில் சேர்க்க முடியாது.

கட்டாயம் இருக்க வேண்டியது மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு (ESC). ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உணரிகள் இடைவிடாமல் ஒப்பிடுகின்றன. இரண்டும் பொருந்தாத கணத்தில், அந்த அமைப்பு ஏதேனும் ஒரு சக்கரத்திற்கு மட்டும் பிரேக் கொடுத்து, எஞ்சினின் விசையையும் குறைத்து, காரை ஓட்டுநர் விரும்பிய பாதைக்குத் திருப்புகிறது. வளைவில் வேகத்தைத் தவறாகக் கணிப்பதும், பயந்து ஸ்டீயரிங்கைச் சட்டென்று அளவுக்கு மீறித் திருப்புவதும் புதிய ஓட்டுநர்களின் வழக்கமான பிழைகள் என்பதால், அவர்களுக்கு இதைவிடப் பயன்படும் கருவி வேறில்லை. 1995இல் மெர்சிடிஸ் கார்களில் அறிமுகமான இந்த அமைப்பு, 2012 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்காவிலும் 2014 இறுதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஆனால் எல்லா நாடுகளிலும் விதி ஒன்றல்ல. ஆகவே நீங்கள் பார்க்கும் குறிப்பிட்ட வகையில் அது இருக்கிறதா என்று விற்பனைச் சிற்றேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

அடுத்து, பக்கவாட்டில் தலையைக் காக்கும் திரை ஏர்பேக்குகளும், முன்னே தடை வரும்போது தானாகவே பிரேக் போடும் அமைப்பும் வேண்டும். எல்லா இருக்கைகளுக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னிருக்கையில் நண்பர்கள் ஏறும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

மோதல் சோதனையின் நட்சத்திரங்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நட்சத்திரத்தின் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆண்டு இருக்கும். ஃபியட் புன்டோ 2005இல், ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமைப்பான யூரோ என்காப்பின் சோதனையில் ஐந்து நட்சத்திரங்கள் பெற்றது. அதே வடிவமைப்பு 2017இல் மீண்டும் சோதிக்கப்பட்டபோது ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இடைப்பட்ட காலத்தில் கார் மோசமாகிவிடவில்லை, சோதனைதான் கடினமாயிற்று. இன்னும் 11 ஆண்டுகளில் இன்றைய மதிப்பெண்ணும் அப்படித்தான் தேயும் என்பதால், மிக அண்மைய ஆண்டின் விதிகளின்படி சோதிக்கப்பட்ட காரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இரண்டாவது, நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் சந்தைக்குச் சந்தை காரின் பாதுகாப்பு வேறு. 2016இல் மெக்ஸிகோவில் விற்பனையிலிருந்த நிஸான் சூருவையும் அமெரிக்காவில் விற்பனையிலிருந்த நிஸான் வெர்ஸாவையும் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்புகள் நேருக்கு நேர் மோதவைத்துக் காட்டின. இரண்டும் புதிய கார்கள், இரண்டும் அந்தந்தச் சந்தையின் மலிவான செடான்கள். சூருவின் ஓட்டுநர் பகுதி நசுங்கிப்போயிற்று, வெர்ஸாவினுடையது குலையாமல் நின்றது. உங்கள் நாட்டில் விற்கப்படும் வகைக்கே உரிய சோதனை முடிவைத் தேடிப் படியுங்கள்.

மூன்றாம் படி: எடையையும் வேகத்தையும் சமன்படுத்துங்கள்

சிறுபிள்ளைக்குச் சிறிய கார் என்று பலரும் எண்ணுகிறோம். இயற்பியல் அதற்கு உடன்படுவதில்லை. 1,000 கிலோ காரும் 2,000 கிலோ காரும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எதிரெதிராக மோதி ஒட்டிக்கொண்டால், கனமான காரின் வேக மாற்றம் சுமார் 33 கி.மீ., இலேசான காரின் வேக மாற்றம் சுமார் 67 கி.மீ. ஆகும். உள்ளேயிருப்பவரின் உடல் தாங்க வேண்டிய அதிர்ச்சியும் அதற்கேற்ப மிகும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் இளம் ஓட்டுநர்களுக்குத் தயாரிக்கும் பரிந்துரைப் பட்டியலில் சுமார் 1,250 கிலோவுக்குக் குறைந்த கார்களைச் சேர்ப்பதில்லை. அதற்காக மிகப் பெரிய வண்டியைத் தேட வேண்டியதில்லை. அது நிறுத்துவதற்குக் கடினமானது, எதிரே வருபவருக்கும் ஆபத்தானது. ஏறத்தாழ 1,250 முதல் 1,600 கிலோ வரையிலான கார்களே போதுமென்பது என் கணிப்பு.

வேகத்தைப் பொறுத்தவரை, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட 9 முதல் 12 விநாடிகள் எடுக்கும் கார் புதிய ஓட்டுநருக்குப் பொருத்தமானது. மின்சார கார்களைத் தேர்ந்தெடுக்கும்போது இங்கேதான் கவனம் தேவை: டெஸ்லா மாடல் 3இன் எளிய வகைகூட அந்த வேகத்தைச் சுமார் 6 விநாடிகளில் எட்டிவிடுகிறது. கால் வைத்த கணமே முழு விசையும் கிடைப்பது அனுபவமுள்ளவருக்கு மகிழ்ச்சி தரலாம், ஆனால் பழகாத காலுக்கு அது ஏற்றதல்ல.

சில கார்களில் சாவியின் வழியாகவே வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். ஃபோர்டு நிறுவனத்தின் மைகீ, செவ்ரோலேயின் டீன் டிரைவர், வால்வோவின் கேர் கீ ஆகியவற்றில் பெற்றோர் உச்ச வேகத்தை வரையறுக்க முடியும். முதல் இரண்டிலும், முன்னிருக்கையில் சீட் பெல்ட் அணியும்வரை பாட்டு ஒலிக்காதபடியும் வைக்கலாம். இத்தகைய வசதி இருந்தால் அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்.

நான்காம் படி: எது நன்றாக வயதாகும் என்று பாருங்கள்

எளிமையானதும், நெடுங்காலம் மாறாமல் இலட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்டதுமான கார்தான் நன்றாக வயதாகும், ஏனெனில் அதன் உதிரிபாகங்கள் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் அதைத் திறந்து பார்த்திருப்பார். எஞ்சினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் இயக்குவது ரப்பராலான டைமிங் பெல்ட்டா, உலோகத்தாலான டைமிங் செயினா என்று கேளுங்கள். பெல்ட்டாக இருந்தால் உரிய காலத்தில் மாற்ற வேண்டிய செலவைக் கணக்கில் சேருங்கள்.

எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் என்றாலே சிக்கல் என்ற அச்சம் பரவலாக உள்ளது. 1997இல் வந்த பிரியஸிலிருந்து டொயோட்டா வளர்த்தெடுத்த அமைப்பில் கிளட்ச் கிடையாது, வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. பழுதாகக்கூடிய பல பாகங்கள் அதில் இல்லவே இல்லை. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையை ஒட்டிய துளையின் வழியாகச் செல்லும் கார்களில், அதன் வடிகட்டியை மறக்காமல் சுத்தம் செய்ய வேண்டும். பிள்ளைகள் பின்னால் அமர்ந்து தின்னும் பிஸ்கட்டின் தூளும் அங்கேதான் போய்ச் சேரும்.

மின்சார கார் என்றால், பேட்டரி திரவத்தால் குளிர்விக்கப்படுகிறதா என்பது முதல் கேள்வி. அந்த வசதி இல்லாமல் காற்றையே நம்பிய நிஸான் லீஃபின் முதல் தலைமுறைக் கார்கள், வெப்பமான இடங்களில் விரைவாகக் கொள்ளளவை இழந்தன. பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தரப்படுகிறது; உங்கள் பிள்ளையின் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஆயினும் புதிதாக இருந்தபோது ஒருமுறை சார்ஜ் செய்தால் 400 கி.மீ. ஓடிய கார் 70 சதவீதக் கொள்ளளவில் 280 கி.மீ. ஓடும் என்பதால், அது புதிய ஓட்டுநரின் அன்றாடத் தேவைக்குத் தாராளமாகப் போதும்.

மென்பொருளும் வயதாகும். 2022இல் அமெரிக்காவில் 3ஜி கைபேசிச் சேவை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல கார்களின் அவசர அழைப்பு வசதி செயலற்றுப்போனது. இணையம் இல்லாமலும் முழுமையாக இயங்கும் காரையே தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பாருங்கள்

கண்ணாடித் துடைப்பானையும், பனிமூட்டம் போக்கும் விசிறியையும், அபாய விளக்கையும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இயக்க முடிகிறதா என்று சோதியுங்கள். எல்லாம் தொடுதிரைக்குள் புதைந்திருந்தால் அந்தக் காரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பிறகு பின்னோக்கித் திரும்பிப் பாருங்கள். கூரையைத் தாங்கும் பின் தூண் பார்வையை எவ்வளவு மறைக்கிறது என்பது புகைப்படத்தில் தெரியாது.

ஆறாம் படி: பெயர்களை எழுதுங்கள்

என் பட்டியலில் முதலிடம் டொயோட்டா கொரோலா ஹைப்ரிடுக்கு. 122 குதிரைத்திறன் கொண்ட அதன் 1.8 லிட்டர் வகை 100 கி.மீ. வேகத்தை எட்ட ஏறத்தாழ 11 விநாடிகள் எடுக்கும். 1966 முதல் தயாரிக்கப்படும் பெயர் என்பதால் உதிரிபாகங்களைப் பற்றிக் கவலையில்லை. அடுத்தது, 2020இல் வந்த ஹோண்டா ஜாஸ்: மெலிந்த முன் தூண்கள், திருகும் குமிழ்கள், ஐரோப்பிய வகையில் முன் இருக்கைகளுக்கு நடுவே விரியும் ஏர்பேக். எடையில் மட்டும் அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. மாஸ்டா 3இன் கட்டுப்பாடுகள் எனக்கு மிகவும் பிடித்தவை, ஆனால் 2019இல் வந்த ஹேட்ச்பேக்கின் பின் தூண் மிகவும் தடிமனானது. அதே காரின் செடான் வகையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

கொரோலா போன்ற ஹைப்ரிடுகள் தானியங்கி கியர் கொண்டவை. பல நாடுகளில் அத்தகைய காரில் ஓட்டுநர் தேர்வு கொடுத்தால் கியர் மாற்றும் காரை ஓட்ட உரிமம் கிடைக்காது என்பதால், பிள்ளை எந்தக் காரில் பழக வேண்டும் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: காத்து வைத்து, சோதித்து ஒப்படையுங்கள்

வாங்கிய நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு சர்வீஸையும் தேதியோடும் ஓடிய தொலைவோடும் எழுதுங்கள். பிரேக் திரவத்தைப் பெரும்பாலான கார்களில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கார் குறைவாக ஓடினாலும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும்.

ஆண்டுதோறும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அந்தக் காரைப் பழுதுநீக்கத்திற்காக நிறுவனம் திரும்ப அழைத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை விரியவைக்கும் வேதிப்பொருளான அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் கிடந்த பிறகே சீர்கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசியது. புதிதாக இருந்தபோது எந்தக் குறையும் காட்டாத கார்கள் அவை.

ஒப்படைப்பதற்கு ஒரு மாதம் முன்பு டயர்களைப் பாருங்கள். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும், பத்து ஆண்டுகளை நெருங்கிய டயரோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். என் மகள் இந்த இலக்கங்களைப் படிக்க இப்போதே கற்றுக்கொண்டுவிட்டாள்; எங்கள் குறிப்பேட்டில் டயர்ப் பக்கம் அவளுடைய கையெழுத்தில்தான் இருக்கிறது.