டாலர் ஏறினால் அப்பளக்காரருக்கு எவ்வளவு மிஞ்சும்? ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்

டாலர் ஏறிவிட்டது என்று டிவியில் ஓடினால் போதும், மதுரை ஜெய்ஹிந்துபுரம் டீக்கடையில் யாராவது ஒருத்தர் அப்பளம் ஏற்றுமதி செய்கிற என்னைப் பார்த்து "உங்களுக்கென்னண்ணே, இனி கொண்டாட்டம்தான்" என்று ஆரம்பித்துவிடுவார். பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் ஏற்றுமதியில் இறங்கினால் கை சுடும்.

பழைய பில் ஒன்றை எடுங்கள். விற்ற தொகையை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, செலவில் எதெல்லாம் டாலரோடு சேர்ந்து ஏறும் என்று வட்டம் போடுங்கள். அப்பளத்துக்கு உயிர் உளுந்து. நம் விளைச்சல் போதாததற்கு மியான்மரிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது, விலையும் டன்னுக்கு இத்தனை டாலர் என்றுதான் பேசுகிறார்கள், அதனால் நீங்கள் கீழமாசி வீதியில் ரூபாய் கொடுத்து மூட்டை எடுத்தாலும் அதற்குள் டாலர் ஒளிந்திருக்கிறது. கப்பல் வாடகையும் டாலர்தான். உளுந்துக்கு 45, கப்பலுக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். டாலர் 5 சதவீதம் ஏறினால் வரவு 105, உளுந்து 47.25, கப்பல் 8.40. ஆக கையில் கூடுவது 5 ரூபாய் இல்லை, 2.35. உள்ளூர் உளுந்திலேயே ஓட்டுகிறேன் என்பவருக்கும் கதை பெரிதாக மாறாது, வெளி விலை ஏறினால் உள்ளூர் வியாபாரி சும்மா இருப்பாரா?

அந்த 2.35-ஐயும் முழுதாக விடமாட்டார்கள். வாங்குகிற பார்ட்டியும் பேப்பர் படிக்கிறார், "ரூபாய் விழுந்திருக்கே, ரேட்டைக் குறைங்க" என்று போன் வரும். அதனால் டாலரை மட்டும் பார்க்காமல் அவர் ஊர்ப் பணத்தையும் பாருங்கள். துபாய் பார்ட்டி என்றால் கவலை இல்லை, 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். மலேசியா அப்படி இல்லை. அவர்கள் பணமான ரிங்கிட்டும் விழுந்திருந்தால் உங்கள் பழைய டாலர் விலையே அவருக்குக் கூடுதலாகத் தெரியும்.

அடுத்து வங்கி. டிவியில் வரும் ரேட் உங்களுக்குக் கிடைக்காது. வங்கி உங்கள் டாலரை வாங்கும் ரேட் வேறு, அதைத்தான் கேட்க வேண்டும். 60 பைசா வித்தியாசம் என்றால் 10,000 டாலருக்கு 6,000 ரூபாய் போச்சு. பேசினால் குறைப்பார்கள், நான் பேசாமலேயே முதல் இரண்டு வருடம் ஓட்டியவன்.

சரி, ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லது என்றால் அரசாங்கம் ஏன் அப்படியே விட்டுவிடுவதில்லை? 1966 ஜூன் 6-ல் 4.76 ரூபாயாக இருந்த டாலரை ஒரே நாளில் 7.50 ஆக்கிப் பார்த்தார்கள். வறட்சியில் தானியம் இறக்கிக்கொண்டிருந்த நேரம் அது, எதிர்பார்த்த மாதிரி ஏற்றுமதி எகிறவில்லை. இன்றைக்கும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, பாமாயிலும் அப்படித்தான். ரூபாய் சரிந்தால் விலைவாசி ஏறும். வருடத்துக்கு 4 சதவீத ஏற்றம் என்ற இலக்கைத் தாண்டி அது ஓட ஆரம்பித்தால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கத் தயங்கும், தேவைப்பட்டால் ஏற்றும். அப்போது உங்கள் ஓசிசி கடனுக்கும் (சரக்கை ஈடு காட்டித் தொழில் நடத்த வங்கியில் வாங்குவது) வட்டி ஏறும். அதனால்தான் ரூபாய் தடாலென்று சரியும்போது ரிசர்வ் வங்கி கையிருப்பு டாலரை விற்று வேகத்தைக் குறைக்கிறது. உளுந்து விலை ஏறினால் அரசு இறக்குமதி விதிகளைத் தளர்த்தலாம், அந்த அறிவிப்பையும் கவனியுங்கள், சில சமயம் டாலரை விட அதுதான் நம்மைக் காப்பாற்றும்.

பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும் என்றால் வங்கியில் ஃபார்வர்டு, அதாவது பின்னால் வரும் டாலருக்கு இப்போதே ரேட் பேசி வைக்கிற ஒப்பந்தம், போட்டு ரேட்டை இன்றே கட்டிவிடலாம். அமெரிக்காவை விட இங்கே வட்டி கூட இருக்கும் வரை, ஃபார்வர்டு ரேட் இன்றைய ரேட்டை விடக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். ஆனால் பார்ட்டி சொன்ன தேதிக்குப் பணம் போடாவிட்டால் ஃபார்வர்டை ரத்து செய்கிற செலவு உங்கள் தலையில். நான் பாதிக்கு மேல் போடுவதில்லை.

அப்புறம் கொட்டேஷனில் "இந்த விலை 10 நாள் வரை" என்று ஒரு வரி. ஒருமுறை மறந்துவிட்டேன், ஆறு வாரம் கழித்து அதே விலைக்கு ஆர்டர் அனுப்பினார்கள், அதற்குள் உளுந்து எங்கேயோ போயிருந்தது.