ஃப்ரீ த்ரோ போடும்போது மனதை எங்கே வைப்பது?

பாஸ்கெட்பாலில் எதிரணி விதி மீறினால் கிடைக்கும் தனி எறிதான் ஃப்ரீ த்ரோ. அதைப் போடும்போது தடுக்க ஆள் கிடையாது. கோட்டிலிருந்து போர்டு 4.6 மீட்டர், ரிங்கின் உயரம் 3.05 மீட்டர். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ., பந்தோ சுமார் 24 செ.மீ.தான். அதாவது இடம் தாராளமாக இருக்கிறது. அப்படியும் பயிற்சியில் பத்துக்கு ஏழு போடுகிற பிள்ளை, மேட்சில் கிடைத்த இரண்டையும் கோட்டை விட்டுவிட்டு அழுதுகொண்டே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கற்ற வித்தை ஒரே நாளில் மறக்குமா? அந்த ஐந்து வினாடியில் மனம் எங்கே போனது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஷாட் போடும் முறை ஓரளவு தெரிந்தவர்களுக்கானது இது. பந்தோடு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கண்ணை நிறுத்துங்கள்

எறிவதற்கு முன் பந்தைத் தரையில் தட்டி முடித்ததும் ரிங்கில் ஒரே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்க விளிம்பு நல்லது. அங்கேயே ஒரு வினாடி கண்ணை வையுங்கள், அப்புறம் பந்தைத் தூக்குங்கள். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தேர்ந்த வீராங்கனைகளின் பார்வை எறிவதற்கு முன்பு ஏறக்குறைய ஒரு வினாடி ரிங்கில் அசையாமல் நின்றது. அவ்வளவாகத் தேறாதவர்களின் பார்வை அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

படி 2: கையை மறந்துவிடுங்கள்

இதுதான் முக்கியமான படி. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் தன் முழங்கையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். 'முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டை மடக்கு' என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். தோள் இறுகியிருக்கும், பந்து ரிங்கின் முன்பக்கத்தில் இடித்துத் திரும்பி வரும். ஒரு நாள், "கையை விடும்மா. ரிங்குக்குப் பின்பக்கம் கம்பி தெரியுதா? அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பந்தை இறக்கு" என்றேன். மூன்றாவது ஷாட் கம்பியைத் தொடாமல் நெட்டுக்குள் இறங்கியது. தோளும் தளர்ந்திருந்தது.

காரணம் இருக்கிறது. பழகிய அசைவை உடம்பு தானாகவே செய்துவிடும். ஒவ்வொரு மூட்டையும் மனம் மேற்பார்வை பார்க்கத் தொடங்கினால் அந்த ஓட்டம் தடைபடும். 2005-ல் காப்ரியேலே வுல்ஃப் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில் ஃப்ரீ த்ரோவையே எடுத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டை நினைத்துப் போட்டதைவிட, ரிங்கின் பின்பக்கத்தை நினைத்துப் போட்டபோது குறி சரியாக இருந்தது. மேல்கைத் தசைகளின் மின்செயல்பாடும் குறைவாக இருந்தது. குறைந்த முயற்சியில் கூடுதல் துல்லியம்!

முறையைத் திருத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். திருத்தலாம், சொல்லும் விதத்தை மாற்றுங்கள். 'மணிக்கட்டை மடக்கு' என்பதற்குப் பதிலாக, 'பந்து பின்பக்கமாகச் சுழலட்டும்'. 'முழங்காலை நீட்டு' என்பதற்குப் பதிலாக, 'தரையைத் தள்ளு'.

படி 3: நன்றாகப் போனதை எழுதுங்கள்

ஆறு ஷாட் போடுங்கள். அதில் சிறந்த மூன்றை மட்டும் நோட்டில் குறியுங்கள்: எங்கே விழுந்தது, எவ்வளவு உயரம் போய் இறங்கியது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணை மறைத்துக்கொண்டு சிறு பைகளை இலக்கில் எறியச் சொன்னார்கள். ஆறு எறிதலுக்கு ஒருமுறை, சிலருக்கு நன்றாக எறிந்த மூன்றின் விவரம் சொல்லப்பட்டது, மற்றவர்களுக்கு மோசமான மூன்றின் விவரம். நல்லதைக் கேட்டவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை கற்பதற்கே உரம். கோர்ட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு தவறுக்கும் குரல் கொடுக்கும் பெற்றோரிடம் இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து வேண்டாம்.

படி 4: சில முடிவுகள் உங்களுடையதாக இருக்கட்டும்

எத்தனை தட்டு தட்டுவது, எப்போது கோச்சிடம் கருத்துக் கேட்பது என்பதை ஆடுகிறவரே தீர்மானிக்கட்டும். சின்ன விஷயம்தான், ஆனால் ஆர்வம் அதில்தான் பிடிக்கிறது. அந்தப் பெண் மூன்று தட்டு தட்டுவாள். ஏன் மூன்று என்று நான் கேட்டதில்லை.

படி 5: மூச்சு வாங்க நின்று போடுங்கள்

மேட்சில் யாரும் நிதானமாக ஐம்பது ஃப்ரீ த்ரோ போடுவதில்லை. ஆகவே கோர்ட்டை இரண்டு முறை ஓடி வந்து, இரண்டே ஷாட் போடுங்கள். மறுபடி ஓடுங்கள். நண்பர்களைப் பக்கத்தில் நின்று கத்தச் சொல்லுங்கள். முதல் ஷாட் தவறினால் கண் தானாகக் கைக்குப் போகும். அப்போது ஒரு மூச்சு விட்டு, அதே பின்பக்கக் கம்பியைத் தேடிப் பிடித்து, இரண்டாவதைப் போடுங்கள்.