ஒளி இழப்பை வைத்தே விளிம்பு நிலையைப் பிரித்தெடுப்பது எப்படி? பைத்தானில் ஒரு எளிய செய்முறை

அருகருகே அமைந்த ஒளி அலைவழிகளில் (ஒளியைத் தன் வழியே கடத்தும் மெல்லிய பாதைகளில்), ஒன்றில் விட்ட ஒளி பக்கத்தில் இருப்பதற்கும் கசியும். இடைவெளிகளை, ஓரத்தில் அகலம் வரும்படி, அகலம், குறுகல் என்று மாற்றி மாற்றி வைத்தால், வரிசையின் ஓரத்தை விட்டு நகராத ஓர் ஒளி நிலை கிடைக்கும். இதுதான் இடவியல் விளிம்பு நிலை. பாலிஅசிட்டிலீன் என்ற கரிமச் சேர்மத்தின் மூலக்கூறுச் சங்கிலிக்காக 1979-இல் சூ, ஷ்ரீஃபர், ஹீகர் மூவரும் தந்த மாதிரியேதான் இங்கேயும் அடிப்படை.

அலைவழியில் ஒளி இழப்பு இருந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இழப்பைச் சரியான தளங்களில் (அலைவழிகளில்) மட்டும் வைத்தால், வேண்டாத ஒளி வடிந்துபோய் விளிம்பு நிலை மட்டும் மிஞ்சும். கணித்தே பார்த்துவிடலாம். பைத்தானும், அதன் கணித நூலகங்களான நம்பை (NumPy), சைபை (SciPy) இரண்டும் இருந்தால் போதும்.

படி 1: அணியை அமைப்பது

20 அலைவழிகளை 10 ஜோடிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடியில் முதலாவது 'அ' தளம், அடுத்தது 'ஆ' தளம். 20×20 பூஜ்ய அணி ஒன்றை உருவாக்குங்கள். அதைத் தொடக்கத்திலேயே கலப்பெண் (complex) வகையாக அறிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கற்பனை எண்ணைப் போடும்போது பைத்தான் பிழை காட்டும்.

முதன்மை மூலைவிட்டத்துக்கு ஒட்டி மேலும் கீழும் 0.5, 1, 0.5, 1 என்று நிரப்புங்கள். ஜோடிக்குள் இணைப்பு 0.5, ஜோடிகளுக்கு இடையே 1. முதல் எண்ணும் கடைசி எண்ணும் 0.5 ஆக இருக்க வேண்டும். அப்புறம் மூலைவிட்டத்தில் 'ஆ' தளங்களுக்கு மட்டும் மைனஸ் 0.4 கற்பனை எண் (−0.4j). இதுதான் இழப்பு. பைத்தான் 0-இலிருந்து எண்ணுவதால் 'ஆ' தளங்கள் 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களில் வரும்.

படி 2: ஐகன் மதிப்புகள்

அணியின் ஒவ்வொரு ஐகன் மதிப்பும் ஒளியின் ஒரு நிலையைக் குறிக்கும், அதன் ஐகன் திசையன் எந்தத் தளத்தில் எவ்வளவு ஒளி என்று சொல்லும். நம்பையில் இவற்றைக் கணிக்க 'எயிக்' (eig), 'எயிக்ஹெச்' (eigh) என்று இரண்டு கட்டளைகள் உண்டு. 'எயிக்'கைத்தான் பயன்படுத்த வேண்டும். 'எயிக்ஹெச்' மூலைவிட்டத்தின் கற்பனைப் பகுதியைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வராது, இழப்பே இல்லாத விடை வரும்.

கிடைத்த 20 மதிப்புகளின் கற்பனைப் பகுதியைப் பாருங்கள். அந்த நிலை எவ்வளவு வேகமாக வடிகிறது என்பதை அது காட்டும். 18 மதிப்புகளில் −0.2. ஒன்றில் −0.4. இன்னொன்றில் ஏறக்குறைய 0. அந்தப் பூஜ்யம்தான் நமக்கு வேண்டியது.

அது ஏன் வடியவில்லை? அதன் ஐகன் திசையனை அச்சிட்டால் விஷயம் புரியும். 'அ' தளங்களின் வீச்சு 1, −1/2, 1/4, −1/8 என்ற விகிதத்தில் குறையும், 'ஆ' தளங்களில் ஒளியே கிட்டத்தட்ட இருக்காது. முதல் 'ஆ' தளத்தை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்திலிருந்து 0.5 × 1 வருகிறது, வலப்பக்கத்திலிருந்து 1 × (−1/2) வருகிறது. கூட்டினால் பூஜ்யம். ஒவ்வொரு 'ஆ' தளத்திலும் இதே கதைதான். ஒளியே போகாத இடத்தில் இழப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! மற்ற 18 நிலைகளும் 'அ', 'ஆ' இரண்டிலும் சரிபாதி இருப்பதால் 0.4-இல் பாதியை இழக்கின்றன. −0.4 என்பது வலது ஓர நிலை, அது முழுக்க 'ஆ' தளங்களில் மாட்டிக்கொண்டது.

படி 3: ஒளியை விட்டுப் பார்ப்பது

முதல் அலைவழியில் மட்டும் வீச்சு 1, மற்றவற்றில் 0. அணியை மைனஸ் கற்பனை அலகாலும் தூரத்தாலும் பெருக்கி, சைபையின் 'எக்ஸ்பிஎம்' (expm, அணியின் அடுக்குக்குறிச் சார்பு) கட்டளைக்குக் கொடுத்து, வரும் அணியால் தொடக்கத் திசையனைப் பெருக்குங்கள். தூரம் 20 என்று வைத்தால் மொத்தத் திறன் (வீச்சுகளின் அளவின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை) 0.75-இல் நிற்கும், முதல் அலைவழியில் மட்டும் 0.5625 இருக்கும். திறன் 1-க்கு மேல் ஏறினால் எங்கோ குறி மாறிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது 0.5-ஐயும் 1-ஐயும் இடம் மாற்றுங்கள். விளிம்பு நிலை காணாமல் போகும், அதே தூரத்தில் திறன் 0.001-க்கும் கீழே இறங்கிவிடும்.

இது கணினியோடு நின்ற விஷயம் இல்லை. 2015-இல் மைக்ரோஅலை ஒத்ததிர்விகளின் (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும் சிறு உறுப்புகளின்) சங்கிலியில், ஒரு வகைத் தளங்களில் மட்டும் இழப்பைக் கூட்டி, சங்கிலியின் நடுவே இருந்த இடவியல் நிலையை இப்படித் தனித்துக் காட்டியிருக்கிறார்கள்.

படி 4: கலைத்துப் பார்ப்பது

பழைய இணைப்புகளுக்குத் திரும்பி, ஒவ்வொன்றையும் தோராயமாக 20 சதவீதம் கூட்டிக் குறையுங்கள் (மேலும் கீழும் ஒரே எண்ணாக இருக்கட்டும்). அந்தப் பூஜ்ய ஐகன் மதிப்பு அசையாது. 'ஆ' தளங்களின் இழப்பை இஷ்டத்துக்கு மாற்றினாலும் அசையாது. ஆனால் கலைக்காத அணியில் முதல் 'அ' தளத்தில் வெறும் 0.05 இழப்பைப் போட்டால், கற்பனைப் பகுதி −0.0375-ஐ ஒட்டி வந்துவிடும். 'எதற்கும் அசையாத பாதுகாப்பு' என்று பலர் எழுதுவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

படி 5: இழப்பை ஏற்றுவது

'ஆ' இழப்பை 0.4-இலிருந்து 10 ஆக்குங்கள். மற்ற நிலைகள் இன்னும் வேகமாக வடியும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடப்பது தலைகீழ். அவற்றில் பாதி, ஒளியை 'ஆ' தளங்களிலிருந்து விலக்கி 'அ' தளங்களில் ஒதுக்கிக்கொள்ளும். அவற்றில் மிக மெதுவாக வடிவதன் கற்பனைப் பகுதி −0.03 அளவுக்கு வந்துவிடும், தூரம் 20-இலும் அந்த ஒளி மிச்சமிருக்கும். இந்தத் திருப்பம் இழப்பு 1-ஐத் தாண்டியதும் தொடங்கும். எனவே இந்த இணைப்புகளுக்கு இழப்பை 1-ஐ ஒட்டி வைத்தால் விளிம்பு நிலை சீக்கிரமாகத் தனித்துத் தெரியும்.