சிந்துவெளி முத்திரை புரியணுமா, ஒன்றைச் செதுக்கிப் பாருங்கள்

ஹரப்பா, மொகஞ்சதாரோ முத்திரைப் படத்தைப் பார்த்ததும் எல்லாரும் நேராக எழுத்துக்குத்தான் போகிறோம், இது என்ன சொல்கிறது, தமிழா இல்லையா என்று. அந்த எழுத்தை எல்லாரும் ஏற்கும்படி இதுவரை யாரும் படித்துக் காட்டவில்லை. ஆனால் அந்தக் கல்லை எப்படிச் செய்தார்கள், எதற்கு வைத்திருந்தார்கள் என்பதில் நிறைய தெரியும். அது மனதில் பதிய ஒரே வழி, நீங்களே ஒன்று செய்வது.

கல் தேட அலைய வேண்டாம். பெரும்பாலான முத்திரைகள் மாக்கல், நம் கல்சட்டி செய்கிற வகைக் கல்தான். உடைந்த கல்சட்டியின் அடிப்பாகம் கிடைத்தால் போதும், இல்லையென்றால் துணி சோப்பு. ஹாக்ஸா பிளேடால் இரண்டரை சென்டிமீட்டர் சதுரமாக அறுத்து, உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். மாக்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அதனால் கல் ஈரமாகவே இருக்கட்டும், முகக்கவசமும் போடுங்கள்.

அளவைக் கையில் வைத்துப் பார்த்ததுமே ஆச்சரியமாக இருக்கும். கட்டைவிரல் நுனி அகலம்தான், அதற்குள் ஒரு விலங்கு, மேலே ஒரு வரி எழுத்து. பாதிக்கும் மேற்பட்ட முத்திரைகளில் இருப்பது ஒற்றைக்கொம்பு விலங்கு, அதன் முன்னால் ஒரு தாங்கி, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரேசிங் தாளில் வரைந்து, திருப்பிப் போட்டுக் கல்லில் ஏற்றுங்கள், ஏனென்றால் செதுக்குவது இடவலம் மாறி இருந்தால்தான் அச்சு நேராக விழும். அச்சில் புடைத்துத் தெரிய வேண்டிய தோளையும் வயிற்றையும் ஆழமாகக் குடையுங்கள், கழுத்து மடிப்புக்கு ஊசி நுனி போதும்.

எழுத்தை அச்சில் வலமிருந்து இடமாக வரும்படி அமையுங்கள். அப்படித்தான் எழுதினார்கள் என்பதற்கு அழகான சான்று உண்டு: சில அச்சுகளில் இடம் போதாமல் கடைசிக் குறிகள் இடது ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கைவினைஞரின் தவிப்பு அங்கே அப்படியே தெரிகிறது!

அப்புறம் பின்பக்கம். படங்களில் அதைக் காட்டுவதே இல்லை, எனக்கு அதுதான் முக்கியம். அங்கே ஒரு குமிழ், நடுவே பள்ளம், குறுக்கே துளை. கயிறு கோத்து உடன் வைத்துக்கொள்ள, பிடித்து அழுத்த. தடிமன் போதாத கல்லில் குமிழைத் தனியாக ஒட்டிவிடுங்கள். அவர்கள் இதன் பிறகு காரப்பொருள் (alkali) பூசிச் சூளையில் சுட்டார்கள், நகம் பட்டாலே கீறல் விழும் கல் வெளுத்து இறுகிவிடும். நாம் அதை விட்டுவிடலாம்.

இனி அச்சு. ஒரு பானையின் வாயைத் துணியால் மூடி, சணல் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் களிமண் அப்பி, சற்று இறுகியதும் முத்திரையை நேராக அழுத்தி எடுங்கள். காய்ந்ததும் களிமண்ணைப் பெயர்த்துத் திருப்பினால் கயிற்றுத் தடமும் துணியின் நெசவும் பதிந்திருக்கும். குஜராத்தில் உள்ள சிந்துவெளி நகரமான லோத்தலில், தீப்பிடித்த கிடங்கில் இப்படிப்பட்ட களிமண் துண்டுகளைத்தான் எடுத்தார்கள், முன்பக்கம் முத்திரை, பின்பக்கம் கட்டுச் சரக்கின் தடம். தீயில் வெந்ததால்தான் அவை மிஞ்சின. சரக்கு யாருடையது, கட்டு பிரிக்கப்பட்டதா என்பதற்கு முத்திரைதான் பொறுப்பு. ஈராக்கின் ‘ஊர்’ (Ur), கிஷ் என்ற பழைய நகரங்கள் வரை இந்த முத்திரைகள் கிடைத்திருப்பதன் பின்னால் உள்ள வணிகமும் இதுதான்.

இவ்வளவும் செய்த பிறகு எழுத்துக்கு வாருங்கள். 1977இல் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொகுப்பில் 417 குறிகள் பட்டியலிடப்பட்டுள்ளன, ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிதான். அவ்வளவு குட்டி வரிகளை வைத்துக்கொண்டு முழுதாகப் படித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், அவர் படித்த அதே விதி மற்ற முத்திரைகளிலும் பொருந்துகிறதா என்று முதலில் கேளுங்கள். அசலைப் பார்க்க டெல்லி தேசிய அருங்காட்சியகம் போங்கள், யானை, புலி, காண்டாமிருகம், எருமை சூழக் கொம்புத் தலைப்பாகையோடு ஒருவர் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற முத்திரை அங்கேதான் இருக்கிறது.