வெண்ணெயை யார் தின்றது என்று பிள்ளை கேட்டால்

"அம்மா, எல்லாமே வலது காலா இருக்கே. கிருஷ்ணர் நொண்டி அடிச்சுக்கிட்டா வந்தார்?"

மூன்று வருடம் முன்பு, கிருஷ்ண ஜெயந்தி அன்று சாயங்காலம் என் மகள் கேட்டது. அப்போது அவளுக்கு ஏழு வயது. எங்கள் வீட்டில் பாதத்தை விரலால் எட்டு போட்டு வரைவதில்லை. கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை அரைத்த அரிசி மாவில் தோய்த்துத் தரையில் ஊன்றி எடுப்போம். மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் குழந்தைப் பாதம். வலது கைக்கு வலது பாதம் விழும், இடது கைக்கு இடது. பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் முடித்தாக வேண்டும், அடுப்பில் வேறு சீடை. அவசரத்தில் வாசலிலிருந்து பூஜை அறை வரை ஒரே கையால் போட்டுவிட்டேன்.

"விளையாட்டுப் பிள்ளைடி, நொண்டி ஆடிக்கிட்டே வந்திருப்பார்" என்றேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் எதுவும் கேட்கவுமில்லை. பாதங்களை மிதிக்காமல் தாண்டிப் போய்த் தட்டையை எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் என் பதில் உறைத்தது. கேட்ட கேள்விக்கு நல்ல பதில் சொன்னதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, என்கிட்ட உண்மையைச் சொல்லுவியா?" என்று அவள் என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். பிள்ளைக்குச் சந்தேகம் வந்ததும் ஆதாரத்தைக் கூட்டுவது. கிண்ணத்து வெண்ணெயில் இன்னும் ஆழமாக விரலை விட்டு வைப்பது, சீடையைக் கடித்துப் போடுவது, சத்தம் கேட்டதாகச் சொல்வது. நாலு வயதுக்கு இதெல்லாம் விளையாட்டு. துப்புத் துலக்க ஆரம்பித்துவிட்ட ஏழு வயதுக்கு, தன் கண்ணை நம்பாதே என்று சொல்வது போல ஆகிவிடும். துப்புகளும் ஏராளம். அஷ்டமி பார்க்கும் வீட்டுக்கு ஒரு நாள், ரோகிணி பார்க்கும் வீட்டுக்கு வேறு நாள். சில வருடம் ஒரு மாத இடைவெளிகூட விழும். "எதிர்வீட்டுக்கு மட்டும் அடுத்த மாசம் வராரா?" என்ற கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை.

கேள்வியை இன்னொருவர் தலையில் கட்டுவது அடுத்தது. "பாட்டியைக் கேளு." இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1897-ல் நியூயார்க்கில் எட்டு வயது வர்ஜீனியா, கிறிஸ்துமஸ் தாத்தா இருக்கிறாரா என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா 'தி சன்' பத்திரிகையைக் கைகாட்டினார். உண்மையைச் சொல்லுங்கள் என்று அவள் கடிதம் எழுத, இருக்கிறார் என்று செப்டம்பர் 21-ஆம் தேதி தலையங்கமே வந்தது. இன்றுவரை ஊரே கொண்டாடும் தலையங்கம் அது. அழகான எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த அப்பாவின் மேல்தான் கண். பிள்ளை முதலில் கேட்டது அவரைத்தானே!

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பிள்ளை வாயைத் திறந்ததுமே மொத்தத்தையும் கொட்டிவிடுவது. சில பிள்ளைகள் தெரிந்துகொண்டே இன்னும் ஒரு வருடம் நம்புவதாக நடிப்பார்கள். அந்த நடிப்பில் அவர்களுக்கும் ஒரு சுகம். அதனால் "உனக்கு எப்படித் தோணுது?" என்று திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். "நீதான் போட்டேன்னு தோணுது" என்றால் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும். "தெரியல, ஆனா வந்திருப்பார்" என்றால் அதோடு விட்டுவிடலாம்.

நம் வீடுகளில் சிக்கல் அடுத்த படியில்தான் இருக்கிறது. "அப்ப கிருஷ்ணரும் சும்மாவா?" இங்கே "சாமி கண்ணைக் குத்தும்" என்று வாயை அடைப்பவர்களும் உண்டு, சாக்குக் கிடைத்தது என்று அங்கேயே பகுத்தறிவு வகுப்பு எடுக்கும் அப்பாக்களும் உண்டு. பிள்ளை இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறது. நாம் பிரித்துக் கொடுக்க வேண்டும். பாதம் யார் போட்டது என்பதற்கு ஒரே பதில்தான்: நான் போட்டேன், என் அம்மாவும் போட்டார், வரவேண்டும் என்ற ஆசையில் போடுவது. சாமியைப் பற்றி உங்களுக்கு நிஜமாக என்ன நம்பிக்கையோ அதைச் சொல்லுங்கள். இல்லாததை இருப்பதாகவோ இருப்பதை இல்லாததாகவோ சொன்னால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் வரும் வீடுகளிலும் இதே கதைதான். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைச் செருப்பை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கும் பிள்ளை, அடுத்து இயேசுவைப் பற்றிக் கேட்கும்.

நம் வருத்தத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் தாத்தாவை நம்புவதை விட்டுவிட்ட 52 பிள்ளைகளிடம் அமெரிக்காவில் காரல் ஆண்டர்சனும் நார்மன் ப்ரென்டிஸும் பேசி, 1994-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். பெரும்பாலும் ஏழு வயது வாக்கில், தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அதை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். வருத்தப்பட்டது பெற்றோர்தான். "என் குட்டி கிருஷ்ணன் பெரிசாயிட்டானே" என்று கண் கலங்கினால், வளர்ந்ததே தப்போ என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஒன்பது வயதுப் பையனை இழுத்து உட்காரவைத்து மயிலிறகும் நீலச் சாயமும் பூசுவது இதன் இன்னொரு வடிவம். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். போன வருடப் போட்டோ போதும். உறவுக்காரர்கள் முன்னால் "போன வருஷம் வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தா" என்று சொல்லிச் சிரிப்பதும் வேண்டாம். அதை நானும் செய்திருக்கிறேன்.

தெரிந்துவிட்டதே, இனி எதற்கு என்று பாதம் போடுவதையே நிறுத்திவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். "தம்பிகிட்ட சொல்லிடாதே, சொன்னா பார்" என்று மிரட்டி நிறுத்துவதையும் பார்த்திருக்கிறேன். மாவுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் மிரட்டவே தேவையில்லை.

போன வருடம் அப்படித்தான் கொடுத்தேன். "வலது கால் நீ போடு, இடது கால் நான்" என்றாள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குத்துக்காலிட்டு, சத்தமில்லாமல் வாசலிலிருந்து பூஜை அறை வரை நகர்ந்தோம். கிண்ணத்து வெண்ணெயில் விரலை விட்டவளும் அவள்தான். அப்பாவுக்கு அந்த வேலை போய்விட்டது.

எழுந்து வந்த தம்பி வரிசையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "ஏன்க்கா, ஒரு கால் பெரிசாவும் ஒரு கால் சின்னதாவும் இருக்கு?"

நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.