30 சதவீதம் இடிமழை என்றால் என்ன?

வானிலை அறிக்கையில் ‘மாலையில் இடிமழைக்கு 30 சதவீத வாய்ப்பு’ என்று வந்தால், பலர் லேசான தூறல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மழையின் அளவு அல்ல. நீங்கள் இருக்கும் இடத்தில் மழை பெய்ய பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். பெய்தால் கொட்டித் தீர்த்துவிடலாம். பக்கத்துத் தெரு நனைய, உங்கள் தெரு காய்ந்தே கிடப்பதும் கோடை மழையில் சகஜம்.

சரி, மின்னல் எவ்வளவு தூரத்தில்? மின்னியதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க எத்தனை நொடி ஆனதோ, அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு கிடைக்கும். 30 நொடிக்குள் கேட்டால் உடனே வீட்டுக்குள் போங்கள். மரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வரவும். மழை விட்டதுமே துணி காயப்போட ஓடுபவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம், மறுநாள் திரும்பும் வெயில். காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை காயாது. 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்குக் கிட்டத்தட்ட 41 டிகிரி போலிருக்கும். அதனால் வெறும் வெப்பநிலையைப் பார்க்காமல், ‘உணரப்படும் வெப்பம்’ என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.