பூட் ஆகும்போதே இஎஸ்பி8266-க்குப் புது ஃபார்ம்வேர்

ஃபார்ம்வேரை (உள்ளே ஓடும் நிரலை) மாற்ற, சுவரில் மாட்டிய இஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டைக் கழற்றி யூஎஸ்பியில் செருகத் தேவையில்லை. வைஃபை இணைந்ததும் சர்வரிடம் ஹெச்டிடிபி அப்டேட் (வெப் வழியாகப் புது ஃபார்ம்வேர்) கேட்கும்படி, பூட் ஆனதும் ஒருமுறை ஓடும் setup() பகுதியில் எழுதுங்கள், பதிப்பு எண்ணோடு. அதே எண்தான் என்றால் சர்வர் 304 (மாற்றமில்லை) என்று சொல்ல வேண்டும். புதியது இருந்தால் 200 (சரி), கூடவே ஃபார்ம்வேர் அடங்கிய .bin ஃபைல்.

பலர் சறுக்குவது இங்கேதான்: சர்வரில் 1.3 என்று போட்டுவிட்டு அந்தப் புது ஃபார்ம்வேரின் நிரலுக்குள் 1.2 என்றே விட்டால், போர்டு அதையே இறக்கி, ரீசெட் ஆகி, மறுபடி இறக்கும். நிற்கவே நிற்காது.

ஃபைலின் அளவைச் சர்வர் சொல்லாவிட்டாலும் அப்டேட் தோற்கும். பழையது ஓடும்போதே புதியது எழுதப்படுவதால் ஃபிளாஷில் (போர்டின் சேமிப்பு நினைவகத்தில்) இரண்டுக்கும் இடம் வேண்டும். 512 கேபி போர்டில் மெனக்கெடாதீர்கள். கேபிளில் முதன்முறை ஏற்றியதும் ரீசெட் பட்டனை ஒருதரம் கையால் அழுத்திவிடுங்கள். இல்லையேல் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது தொங்கிவிடும்.